புளியந்தோப்பு மாடியில் ஒரு விண்முகில்

ரமலான் பிறை தேடி மாடியேறுவது எங்கள் பகுதியின் நெடுநாள் வழக்கம். சிறுவர் முதல் முதியோர் வரை மேற்கு வானத்தை நோக்கி நிற்பர். பிறை தென்பட்டதும் ஒருவருக்கொருவர் வாழ்த்துக் கூறி இறங்கிவிடுவர். 2023 மார்ச்சு மாதத்தில் அவ்வாறு நின்றபோது, பிறைக்கு மேலே வெள்ளி பளிச்சென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் இறங்கிய பின்னரும் இளைஞர் ஒருவர் அங்கேயே நின்றார். துறைமுகத்தில் சுமை தூக்கும் தொழிலாளியின் மகன். கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் பயில்பவர். “ஐயா, எண்ணிப் பார்த்தேன். இந்த வெள்ளியையும் சேர்த்துப் பத்து மீன்கூட இல்லை. பாடநூலில் வண்ண மேகம் மேகமாகப் போட்டிருக்கிறார்களே, அவை மெய்யாகவே வானத்தில் இருக்கின்றனவா? இல்லை, யாரோ வரைந்த படங்களா?” என்று கேட்டார்.

தமிழாசிரியராகிய நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. தாம் கற்பதை ஐயுற்று வினவும் மாணவருக்கு, “நூலில் உள்ளது, நம்பு” என்று சொல்வது ஆசிரியருக்கு அழகன்று. எனவே இயற்பியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரின் துணையை நாடினோம். ஏறத்தாழ பத்துத் திங்கள் முயன்று நாம் கற்றவற்றையும் கண்டவற்றையும் இம்மலரின் வழியே மாணவர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆழ்விண் பொருள்கள் யாவை?

திங்கள், கோள்கள் ஆகியவை நம் ஞாயிற்றுக் குடும்பத்தைச் சார்ந்தவை. அக்குடும்பத்திற்கு அப்பால் மங்கிய ஒளியோடு பரந்து கிடக்கும் பொருள்களையே ஆழ்விண் பொருள்கள் என்கிறோம். அவை பெரும்பாலும் மூவகைப்படும். வளியும் தூசும் கலந்த விண்முகில்கள் ஒருவகை. ஒன்றாகப் பிறந்து ஒன்றாக இயங்கும் விண்மீன் கொத்துகள் மற்றொரு வகை. கோடானுகோடி விண்மீன்களைக் கொண்ட, நம் பால்வீதியைப் போன்ற பிற பேரண்டத் திரள்கள் மூன்றாம் வகை. பிரெஞ்சு வானியலாளர் சார்லஸ் மெஸ்ஸியே 18ஆம் நூற்றாண்டில் தொகுத்த பட்டியலும் அதனோடு பின்னர்ச் சேர்க்கப்பட்டவையும் கூடி 110 பொருள்களாக இன்று வழங்குகின்றன. புதிதாகப் பழகுவோர்க்கு அப்பட்டியலே அரிச்சுவடி.

இவற்றின் தொலைவை ஒளியாண்டால் அளப்பர். ஓர் ஒளியாண்டு என்பது ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ஓரியன் விண்முகில் ஏறத்தாழ 1,340 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி, தமிழகத்தைப் பல்லவர் ஆண்ட காலத்தில், ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் புறப்பட்டதாகும். ஆண்ட்ரோமெடா எனப்படும் திரளோ 25 லட்சம் ஒளியாண்டு அப்பால் உள்ளது. அதன் ஒளி புறப்பட்டபோது மனித இனம் இன்றைய வடிவை எய்தியிருக்கவில்லை.

முன்னோர் கண்ட வானம்

வானத்தை நோக்கும் பழக்கம் நமக்குப் புதியதன்று. புறநானூற்றின் 30ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் வழியையும் விசும்பின் இயல்பையும் நேரிற் சென்று அளந்தறிந்தவர் போலக் கூறவல்லோர் இருந்தமையைச் சுட்டுகிறார். கார்த்திகைக் கொத்தைச் சங்கப் புலவர்கள் அறுமீன் என்றனர். அரபியர் அதனையே ‘துரையா’ என்றனர். அதனைப் பின்தொடர்ந்து எழும் செந்நிற உரோகிணிக்கு ‘பின்தொடர்வது’ என்னும் பொருளில் அவர்கள் இட்ட பெயரே ‘அல்டிபரான்’ என உலகெங்கும் வழங்குகிறது. ஓரியனின் காலாக அமைந்த ‘ரைஜல்’ என்பதும் கால் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்ததே.

கி.பி. 964ஆம் ஆண்டளவில் பாரசீகத்தில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ, நிலைமீன்களைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலில் ஆண்ட்ரோமெடாப் பகுதியில் மேகம் போன்ற சிறு கறை ஒன்றைக் குறித்துவைத்தார். நமக்குக் கிடைக்கும் பதிவுகளில் அத்திரளைப் பற்றிய மிகப் பழைய பதிவு அதுவே எனக் கருதுவர். தொலைநோக்கி தோன்றுவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்னர், வெறுங்கண்ணால் கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் அவர் எழுதிவைத்தார். பஸராவிற் பிறந்து கெய்ரோவில் பணியாற்றிய இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதால் பார்வை உண்டாகிறது என்னும் பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுட் புகுவதாலேயே காண்கிறோம் என நிறுவினார். இருட்டறையின் சிறுதுளை வழியே ஒளி புகுந்து வடிவம் காட்டுவதையும் அவர் ஆராய்ந்தார். இன்றைய ஒளிப்படக் கருவியும் அத்தகைய இருட்டறையே.

நம் நாட்டிலும் இத்துறைக்கு நல்ல மரபு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வு நிலையக் கட்டடம் எழுந்தது. அங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்தார். ஹைதராபாத்தில் நவாப் ஸஃபர் ஜங் என்னும் பிரபு தம் சொந்த ஆர்வத்தால் 1901இல் ஒரு வானாய்வு நிலையத்தை நிறுவினார். அவர் 1907இல் மறைந்தபின் நிஜாம் அரசு அதனை ஏற்று நடத்தியது. வானம் முழுவதையும் ஒளிப்படத் தகடுகளில் பதிவு செய்ய உலக நாடுகள் பல கூடி மேற்கொண்ட பெருந்திட்டத்தில் நிஜாமியா நிலையமும் பங்கேற்று, லட்சக்கணக்கான விண்மீன்களின் இடத்தை அளந்து வெளியிட்டது. அந்நிலையத்தில் பணியாற்றியவரின் மகனே, 1927இல் சென்னையிற் பிறந்த வைனு பாப்பு. 1949இல் அவர் அமெரிக்காவில் பயின்றபோது தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டிலேயே புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கியவரும் அவரே. அங்கு 1986இல் இயங்கத் தொடங்கிய 2.3 மீட்டர்த் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கண் காணாததைக் கருவி காண்பது எவ்வாறு?

நம் கண், வரும் ஒளியை நொடிப்பொழுதில் மூளைக்கு அனுப்பிவிட்டு அடுத்ததற்கு ஆயத்தமாகிறது. சேர்த்துவைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. மேலும் இருளில் பயன்படும் கண்ணணுக்கள் நிறத்தை உணர்வதில்லை. ஆகவே பெரிய தொலைநோக்கி வழியே பார்த்தாலும் விண்முகில் சாம்பல் நிறப் புகை போலவே தோன்றும். ஒளிப்பட உணரியோ, உண்டியலில் விழும் காசு போல ஒளித்துகள்களைச் சேர்த்துக்கொண்டே போகும். ஹென்றி டிரேப்பர் 1880இல் ஓரியன் விண்முகிலை 51 நிமிடம் ஒளிபடச் செய்து முதன்முதலாகப் படமெடுத்தது இந்த அடிப்படையிலேதான். 1888இல் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த படம் ஆண்ட்ரோமெடாவின் சுருள் வடிவை வெளிப்படுத்தியது. 1923இல் எட்வின் ஹபிள் தம் தகடுகளில் கண்ட ஒளிமாறும் விண்மீனைக்கொண்டு, அது நம் பால்வீதிக்குப் புறம்பான தனித்திரள் என நிறுவினார்.

கண்ணின் பாவை இருளில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விரியும். நண்பரிடம் இருந்தது 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய லென்ஸ் தொலைநோக்கி. பரப்பால் ஒப்பிட்டால் அது கண்ணைப்போல் 130 மடங்கு ஒளியை வாங்கும். ஆழ்விண் படத்திற்கு மிகப் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்பது பலரும் கொண்டுள்ள தவறான எண்ணம். உண்மையில் குழாயைவிட அதனைத் தாங்கும் தாங்கியே இன்றியமையாதது.

காரணம் எளிது. புவி சுழல்வதால் வானம் ஒரு மணிக்கு 15 பாகை நகர்கிறது. கருவியை அசையாமல் நிறுத்தி 30 நொடி படமெடுத்தால், விண்மீன் முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ கால்பங்கு தூரம் இழுபட்டுக் கோடாகிவிடும். எனவே புவியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சை அமைத்து, 23 மணி 56 நிமிடத்திற்கு ஒரு சுற்று என்னும் விரைவில் மோட்டார் அதனைத் திருப்பவேண்டும். அவ்வச்சை வானத்தின் வடமுனையை நோக்கி நிறுத்துவதே முதல் வேலை.

இங்கேதான் சென்னைவாசிகளுக்கு இடர் எழுகிறது. ஓரிடத்தின் அகலாங்கு எவ்வளவோ அவ்வளவே அங்குத் துருவமீனின் உயரம். பண்டைய கடலோடிகள் கயிறு கட்டிய ‘கமால்’ பலகையால் அவ்வுயரத்தை அளந்தே தம் மரக்கலம் நிற்கும் இடத்தை அறிந்தனர். சென்னையில் அது வெறும் 13 பாகை. புளியந்தோப்பிலோ வடதிசையில் அடுக்குமாடிகளும், அவற்றுக்கு அப்பால் மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளின் ஒளிமூட்டமும் நிற்கின்றன. முதல் நான்கு இரவுகளில் துருவமீனை நாம் காணவே இல்லை. பின்னர்த் திசைகாட்டியால் வடக்கையும், மட்டக்கோலால் 13 பாகைச் சாய்வையும் தோராயமாக அமைத்து, விண்மீன் எப்பக்கம் விலகுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினோம். பேசின் பாலம் வழியே இரயில் செல்லும்போதெல்லாம் மாடித்தளம் அதிர்ந்து படம் கலங்கியது. கடற்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்தது. மாணவர் சலிக்கவில்லை.

ஆயினும் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. தென்வானத்து ஒமேகா செண்டாரி என்னும் மாபெரும் விண்மீன் கொத்து இங்கு 30 பாகை அளவுக்கு மேலெழும். இலண்டன் மாநகரில் வாழ்வோர் தம் ஊரில் நின்று அதனை என்றுமே காண இயலாது. ஓரியன் விண்முகிலோ நமக்கு 71 பாகை உயரத்தில், ஏறத்தாழ தலைக்கு மேல் வந்து நிற்கும்.

ஒளிவெள்ளத்தை வடிகட்டுதல்

கிழக்கே துறைமுகத்தின் உயர்கோபுர விளக்குகள், சுற்றிலும் இரயில் முற்றம், சாலை விளக்குகள். இவற்றின் ஒளி தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானத்தையே வெளுக்கச் செய்கிறது. விண்மீன்கள் மறைந்துபோகவில்லை, அவற்றைவிட வானம் வெளிச்சமாகிவிட்டது. பழைய சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் மஞ்சள் பகுதியில் அடங்கியிருந்தது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கோ எல்லா நிறங்களையும் பரப்புவதால் அதனை வடிகட்டுவது கடினம்.

ஆனால் விண்முகில் குறிப்பிட்ட சில நிறங்களிலேயே ஒளிர்கிறது. அதிலுள்ள ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளியையும், ஆக்சிஜன் 500.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளியையும் உமிழ்கின்றன. அவ்விரு குறுகிய பட்டைகளை மட்டும் விட்டு ஏனையவற்றைத் தடுக்கும் வடிகட்டி இப்பொழுது கிடைக்கிறது. சாதாரண ஒளிப்படக் கருவியின் உணரிக்கு முன்னுள்ள கண்ணாடி அச்செவ்வொளியின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும் என்பதால், அதனை நீக்கிய கருவியைப் பயன்படுத்துவது நலம். பேரண்டத் திரள்களுக்கு இவ்வடிகட்டி அவ்வளவாக உதவாது. அவை விண்மீன்களின் தொகுதி. எல்லா நிறங்களிலும் ஒளிர்பவை. அவற்றுக்கு இருண்ட வானமே வேண்டும். காவலூர் மலைமேல் அமைந்ததன் காரணமும் அதுவே.

சுவடிப் பதிப்பும் விண்படமும்

ஒரே படத்தை நெடுநேரம் எடுப்பதைவிட, குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதே இன்றைய முறை. இதனை நண்பர் விளக்கியபோது நமக்குச் சுவடிப் பதிப்பே நினைவுக்கு வந்தது.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார். ஒவ்வோர் ஏட்டிலும் பிழைகள் உண்டு. ஆயினும் ஓர் ஏட்டின் பிழை மற்றோர் ஏட்டில் அதே இடத்தில் நேர்வதில்லை. பல ஏடுகளை ஒருங்கு வைக்கும்போது பிழைகள் தனித்து நிற்க, மெய்ப்பாடம் மேலெழுகிறது. விண்படமும் அத்தன்மையதே. ஒவ்வொரு படத்திலும் தாறுமாறான புள்ளிகள் இரைச்சலாக விழுகின்றன. 144 படங்களைச் சேர்த்தால் விண்முகிலின் ஒளி 144 மடங்காகும். இரைச்சலோ அதன் வர்க்கமூலமாகிய 12 மடங்கே பெருகும். எனவே படத்தின் தெளிவு 12 மடங்கு உயர்கிறது.

ஆனால் மூலவேட்டை முதலிற் படியெடுத்தவர் செய்த பிழை எல்லாப் படிகளிலும் தொடர்ந்து வரும். எத்தனை ஏடுகளை ஒப்பிட்டாலும் அது நீங்காது. அதுபோன்றே உணரியின் பழுதுற்ற புள்ளிகளும், கண்ணாடியில் ஒட்டிய தூசியின் நிழலும் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிற்கும். அவற்றைத் தனியே கண்டறிய வேண்டும். தொலைநோக்கியை மூடிவிட்டு, அதே வெப்பநிலையில் அதே நேர அளவில் எடுக்கும் இருட்படம் முதற்குறையைக் காட்டும். நம் ஊர் வெப்பத்தில் இது மிக முதன்மையானது. உணரியின் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை கூடினால் அதனால் விளையும் பொய்யொளி இரட்டிப்பாகும். அந்தி வானத்தின்முன் வெள்ளை வேட்டியைக் குழாய் வாயில் இழுத்துக் கட்டி எடுக்கும் சமன்படம் தூசியின் நிழலைக் காட்டும். முன்னதைக் கழித்துப் பின்னதால் வகுத்தால் குறை நீங்கும்.

அந்த இரவு

2024 சனவரியில், மழைக்காலம் ஓய்ந்து வானம் தெளிந்த ஓர் இரவில், ஓரியனின் வாள்போலத் தொங்கும் பகுதியை நோக்கிக் கருவியைத் திருப்பினோம். முப்பது முப்பது நொடியாக 144 படங்கள். ஆக 72 நிமிடம். விண்முகிலின் நடுவிலுள்ள நான்கு இளமீன்கள் மிகை ஒளியால் வெளுத்துவிடும் என்பதால் அவற்றுக்கென மூன்று நொடிப் படங்கள் சிலவற்றைத் தனியே எடுத்தோம்.

தனிப்படம் ஒவ்வொன்றும் ஏமாற்றமே அளித்தது. செம்மை படிந்த வெறும் மங்கலின் நடுவே சிறு வெளுப்பு, அவ்வளவே. படங்களை அடுக்கி, வானத்தின் வெளுப்பைக் கழித்து, மங்கிய பகுதிகளைக் கணிப்பொறியில் மெல்ல மெல்ல உயர்த்தியபோது, இறகு விரித்த பறவை போன்ற செம்முகிலும், அதனை ஊடறுக்கும் இருண்ட தூசுத்திட்டும் திரையில் எழுந்தன.

மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “ஐயா, இதில் எது மெய், எது நாம் செய்தது?” என்றார். நாம் பெரிதும் மகிழ்ந்தது அக்கேள்விக்கே. வடிவம் மெய், அது 144 படங்களிலும் உள்ளது. செம்மை ஹைட்ரஜனின் நிறம், அதுவும் மெய். ஒளியின் அளவை மட்டும் கண்ணுக்குப் புலனாகும்படி நாம் கூட்டினோம். அவ்வாறு கூட்டியதைச் சொல்லவும் வேண்டும். இப்பொழுது கணிப்பொறியே இல்லாத இழைகளைப் புனைந்து படத்தில் சேர்க்கும் மென்பொருள்களும் கைப்பேசிகளும் வந்துவிட்டன. ஏட்டில் இல்லாத அடியைத் தாமே பாடிச் சேர்ப்பவர் பதிப்பாசிரியர் ஆகார், அதுபோலவே இதுவும். பாடநூற்படம் வரைந்ததா என்று ஐயுற்ற மாணவருக்கு, வரையாமல் எடுத்த ஒன்றைத் தம் கையாலேயே எடுத்துக் காட்ட முடிந்தது.

மறுநாள் மாலை அப்படத்தைத் தெருப் பெரியவர் ஒருவரிடம் காட்டினார். துறைமுகத்தில் இராப்பணி பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “தம்பி, சின்ன வயதில் இராயபுரம் கடற்கரையில் படுத்தால் வானம் பூராவும் மீனாக இருக்கும். அப்புறம் முப்பது வருஷம் விளக்கின் கீழேயே வேலை. அண்ணாந்து பார்க்கவே மறந்துவிட்டது. இது நம் தெருவுக்கு மேலேயா இருக்கிறது?” என்றார்.

நாம் செய்யத்தக்கவை

அப்பெரியவரின் சொல்லில் ஓர் இழப்பு உள்ளது. இரண்டு தலைமுறைக்குள் இப்பகுதிப் பிள்ளைகள் வானத்தை இழந்துவிட்டனர். தொழிலுக்கும் காவலுக்கும் விளக்குத் தேவை. அதனை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தரைக்கு வேண்டிய ஒளி வானத்துக்குச் செல்வதால் யாருக்கும் பயனில்லை. விளக்குக்கு மேல்மூடி இட்டுக் கீழ்நோக்கி அமைப்பதும், வெண்ணீல ஒளிக்கு மாற்றாக இளமஞ்சள் ஒளியைக் கொள்வதும், வேண்டாத நேரத்தில் அணைப்பதும் செலவு மிகாத செயல்கள். நம் வீட்டு மாடியிலும் கல்லூரி வளாகத்திலும் பள்ளிவாசல் முற்றத்திலும் இன்றே தொடங்கலாம்.

மாணவர்க்கு ஒன்று கூறுவோம். தொடக்கத்திலேயே பெரும்பொருள் செலவிட வேண்டா. முதல் ஓராண்டு கண்ணாலும், இயன்றால் ஒரு இருகண் நோக்கியாலும் விண்மீன்களை இனங்காணப் பழகுங்கள். கோட்டூர்புரத்தில் 1988 முதல் இயங்கும் பிர்லா கோளரங்கத்திற்கு ஒருமுறை சென்று வாருங்கள். பின்னர் மூவர் நால்வர் கூடி ஒரு கருவியை வாங்கிப் பொதுவில் பயன்படுத்துங்கள். கண்டதை நாளும் நேரமும் குறித்துத் தமிழில் எழுதிவையுங்கள். அஸ்ஸூஃபீயின் சிறு கறை இன்றும் நினைக்கப்படுவது அவர் அதனை எழுதிவைத்தமையால்தான்.

பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிறை பார்க்க மாடியேறும்போது, பிறை தெரிந்த உடனே இறங்கிவிடாமல், பிள்ளைகளோடு இன்னும் கால்மணி நேரம் நில்லுங்கள். அறுமீனையும் ஆதிரையையும் உங்கள் விரலால் சுட்டிக் காட்டுங்கள். எஞ்சிய கேள்விகளை அவர்களே கேட்பார்கள்.